மஸ்ட்: உறுதியின் அளவா, அறிந்த வழியா?

ஆங்கிலத்தில் ஊகத்தையும் உய்த்துணர்வையும் உணர்த்தும் துணைவினைகளை வகுப்பறையில் பெரும்பாலும் விழுக்காட்டுக் கணக்காகவே கற்பிக்கிறோம். பெட்டி அசாரின் இலக்கண நூல் இதற்கு நல்ல சான்று. துணைவினை சேராத வாக்கியம் 100 விழுக்காடு உறுதி, ‘மஸ்ட்’ 95, ‘மே’, ‘மைட்’, ‘குட்’ மூன்றும் 50க்குக் கீழ். மாணவர் மனத்தில் எளிதில் பதியும் அட்டவணைதான். ஆனால் ‘மஸ்ட்’ பற்றி அது தருவது பிழையான விளக்கம். பேசுபவர் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதை அச்சொல் அளப்பதில்லை. செய்தியை அவர் நேரே காணாமல் கருதி அறிந்தார் என்பதையே காட்டுகிறது.

சுடோக்குவை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டத்துக்குரிய வரிசை, நிரல், சிறுசதுரம் மூன்றையும் பார்த்தால் 7 தவிர மற்ற எட்டு எண்களும் வந்துவிட்டன. ‘இட் மஸ்ட் பி செவன்’ என்பதே இங்கு இயல்பான ஆங்கிலம். ஐந்து விழுக்காட்டு ஐயத்துக்கு இடமே இல்லை. மறுபுறம், மழையில் நனைந்துகொண்டு நிற்பவர் ‘இட் மஸ்ட் பி ரெய்னிங்’ என்று சொல்லமாட்டார். ஈரக் குடையோடு ஒருவர் உள்ளே வருவதைக் கண்டவர் சொல்வார். ஆய்வாளர்கள் காய் ஃபான் ஃபின்டெலும் ஆன்டனி கில்லீஸும் 2010இல் இத்தகைய தரவுகளை வைத்தே, ‘மஸ்ட்’ வலுக்குறைந்த சொல் அன்று என வாதிட்டனர்.

மறுப்பும் உண்டு. ‘மஸ்ட்’ சேர்ந்தால் கூற்றின் வலு குறைவதாகத் தோன்றுவதை மொழியியலாளர் லாரி கார்ட்டுனென் 1972லேயே சுட்டினார். முழு உறுதி இல்லாதபோதும் மக்கள் அதை ஆள்கிறார்கள் என 2016இல் மொழியியலாளர் டேனியல் லாசிட்டர் வாதிட்டார். எளிதில் ஒதுக்கிவிட முடியாத மறுப்பு இது. ஆனால் அந்த ஐயம் எங்கிருந்து பிறக்கிறது? விளக்கு எரிகிறது, ஆகவே வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்கிறோம்; விளக்கை அணைக்காமலே வெளியே போயிருக்கவும் கூடும். தளர்வு, விளக்கு எரிந்தால் ஆள் இருப்பார் என்ற முற்கோளில் இருக்கிறது. அதைத் துணைவினையின் பொருளாக்குவது தகாது.

எதிர்மறைக்கு வந்தால் விழுக்காட்டு விளக்கம் இன்னும் தடுமாறுகிறது. ‘ஷி மைட் நாட் பி அட் ஹோம்’ என்றால் அவள் வீட்டில் இல்லாமலும் இருக்கலாம். ‘ஷி குட் நாட் பி அட் ஹோம்’ என்றால் அவள் வீட்டில் இருக்க வாய்ப்பே இல்லை. உடன்பாட்டில் ஒரே படியில் நின்ற இரு சொற்கள் இப்போது வெகுதூரம் விலகிவிட்டன. ‘மைட்’ உடன் வரும் ‘நாட்’ செய்தியை மட்டும் மறுக்கிறது. ‘குட்’ உடன் வருவதோ வாய்ப்பையே மறுக்கிறது. அட்டவணை இரண்டாவதற்கு 99 என்று எண் இடும். இந்தத் தாவல் ஏன் என்று சொல்லாது.

அறிந்த வழியைப் பிரித்துப் பார்ப்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி அடுக்கும், அறியும் வழிகளான பத்து அளவைகளில் முதலிரண்டு காண்டலும் கருதலும். அவை அறிவு பிறக்கும் வெவ்வேறு வாயில்கள். ஒன்று நூறு, மற்றது தொண்ணூற்றைந்து என்ற கணக்கு அங்கே இல்லை. ‘மழை பெய்திருக்க வேண்டும்’ என்று நாள்தோறும் பேசும் மாணவருக்கு ‘மஸ்ட் ஹேவ்’ அமைப்பை இவ்வழியே விளக்கினால் உடனே பிடிபடும். ‘வேண்டும்’ போலவே ‘மஸ்ட்’ கடமைக்கும் உய்த்துணர்வுக்கும் பொதுவாக நிற்பது கூடுதல் துணை.

ஆசிரியர்கள் ‘எத்தனை விழுக்காடு உறுதி?’ என்று கேட்பதை விட்டு, ‘கண்டு சொல்கிறாயா, கருதிச் சொல்கிறாயா?’ என்று கேட்கத் தொடங்க வேண்டும். பாடநூல் எழுதுவோர் எதிர்மறை வடிவங்களுக்குத் தனிப் பாடம் ஒதுக்க வேண்டும்.