தொப்புள்கொடி அறுத்த கைக்கு என்ன கூலி?

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மலையை நெருங்கும் வேளையில் வருகிறது கீழ்பென்னாத்தூர். கார்த்திகைத் தீபத்திற்குச் செல்லும் கூட்டம் ஆண்டுதோறும் அந்த ஊரைக் கடந்து போகிறது. போகிறவர்களின் கண்ணெல்லாம் மலைமீது. நாமோ இன்று மலையைப் பார்க்கப் போவதில்லை. மனையைப் பார்க்கப் போகிறோம். ஏரியும் நெல்வயலும் மணிலாக் கொல்லையும் சூழ்ந்த இத்தகைய ஊர்களில், தலைமுறை தலைமுறையாக, பிறந்த குழந்தையை முதன்முதல் ஏந்திய கை யாருடைய கை? அந்தக் கைக்கு ஊர் கொடுத்த கூலி என்ன? கொடுத்த மதிப்பு என்ன?

மன்னர்களின் போர்களை வரலாறு என்றோம். கோயில்களின் கொடைகளை வரலாறு என்றோம். மன்னனையும் மக்களையும் மண்ணில் இறக்கிவைத்த மருத்துவச்சியின் கதையை மட்டும் வரலாறு என்று எண்ணிப் பார்க்க மறந்தோம்.

யார் அந்த மருத்துவச்சி? வட தமிழகத்துச் சிற்றூர்களில் பெரும்பாலும் மருத்துவர் என்றும் நாவிதர் என்றும் அழைக்கப்பட்ட சமூகத்துப் பெண் அவள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னாட்டுச் சாதிகள் பற்றிய தொகுதிகளும் இதைக் கூறுகின்றன. கணவன் முகம் மழித்தான், கட்டியைக் கீறினான், புண்ணுக்கு மருந்து வைத்தான். மனைவி பேறு பார்த்தாள். கல்லூரியில் கற்றதன்று, மாமியாரின் கையைப் பார்த்து மருமகள் கற்ற கலை.

அவளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை அன்று இல்லை. எந்த வீட்டுக்கு எந்த மருத்துவச்சி என்பது வழிவழியாக வகுக்கப்பட்டிருந்தது. இடுப்பு வலி கண்டதும், நள்ளிரவானாலும், அடைமழையானாலும், ஆள் ஓடும். அவள் வந்தாக வேண்டும். வர மறுக்கும் உரிமை அவளுக்கு இல்லை. கூலியை இவ்வளவு என்று பேசும் உரிமையும் இல்லை. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் ஊர்த் தொழிலாளர்க்கு அளக்கும் தவசத்தில் அவள் குடும்பத்துக்கும் ஒரு பங்கு. அது கணவன் ஆண்டெல்லாம் செய்த வேலைக்கும் சேர்த்து. பேறு நடந்த வீட்டில் கொஞ்சம் அரிசி, எண்ணெய், வெற்றிலை பாக்கு, சில காசுகள், மனமிருந்தால் ஒரு சேலை. பிறந்தது ஆணானால் கை சற்றுத் தாராளமாக நீளும்; பெண்ணானால் சுருங்கும். உழைப்பு ஒன்று, வலி ஒன்று, விழித்த இரவு ஒன்று. கூலி மட்டும் இரண்டு! பெண்ணுக்கு விலை குறைவு என்ற பாடத்தை, குழந்தை கண் விழிக்கும் முன்பே, அதை ஏந்தியவளின் மடியில் எழுதிவைத்த சமுதாயம் இது.

இன்னும் கேளுங்கள். குருதியைத் துடைத்தவள் அவள். நச்சுக்கொடியைப் புதைத்தவள் அவள். தாய்க்கும் சேய்க்கும் நாள்தோறும் நீராட்டியவள் அவள். தீட்டுக் கழிக்கும் நாள் வந்ததும், அதுவரை அறைக்குள் இருந்தவள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டாள். உயிர் போகும் வேளையில் தீண்டலாம்; உயிர் பிழைத்த பின் தீண்டலாகாது! இந்த நெறிக்கு எந்த அறிவு சான்று சொல்லும்?

நம் மாவட்டத்துச் செய்யாறு பாலாற்றோடு கலக்குமிடம் திருமுக்கூடல். வீரராசேந்திர சோழன் காலத்து, 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும், அங்கிருந்த வைத்தியர், அறுவை செய்பவர், பணிப்பெண்டிர், நாவிதர் ஆகியோர்க்கு அளந்த நெல்லையும் காசையும் அது குறிக்கிறது. மருத்துவமனைக் கூலி கல்லில் ஏறியது. சிற்றூர் மருத்துவச்சியின் கூலியோ வழக்கத்தில் மட்டுமே நின்றது. கொடுப்பவன் மனமே அளவுகோல்.

இனி அதே நெடுஞ்சாலையின் மறுமுனைக்குச் செல்வோம். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகள், திண்டிவனம். அங்கே மருத்துவத் தொண்டாற்றிய ஜான் ஸ்கட்டரின் இளம் மகள் ஐடா வீட்டில் இருந்த ஓர் இரவு. ஒருவர்பின் ஒருவராக மூன்று கணவன்மார் வந்தனர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முசுலிம், மற்றொருவர் மேல்சாதி இந்து. மூவர் வீட்டிலும் பேற்றில் தவிக்கும் இளம் மனைவி. "நான் மருத்துவம் கற்றவளல்லள், என் தந்தை வருவார்" என்றார் ஐடா. ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதா என்று மூவருமே திரும்பிப் போயினர். விடிந்தபோது மூன்று பெண்களும் பிணமாயினர். மதம் வேறு, சாதி வேறு. மடமை மட்டும் ஒன்று!

அந்த இரவு ஐடாவை மருத்துவராக்கியது. 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார், 1900-இல் திரும்பினார், 1902-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது, 1909-இல் செவிலியர் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

சென்னையிலோ பேறுகால மருத்துவமனை 1844-லேயே தொடங்கிவிட்டது; அதுவே பின்னர் எழும்பூரில் நிலைபெற்றது. 1854-இல் மருத்துவச்சியர்க்குப் பயிற்சியும் தொடங்கியது. ஆனால் சாதி அங்கும் விடவில்லை. 1885-இல் பெண்களுக்கென எழுந்த மற்றொரு மருத்துவமனையின் பெயரைப் பாருங்கள்: விக்டோரியா சாதி - கோஷா மருத்துவமனை! 'சாதிப் பெண்கள்' என்றும் 'திரைக்குள் இருக்கும் பெண்கள்' என்றும் பெயர்ப்பலகையிலேயே எழுதினால்தான் மருத்துவமனைக்குள் பெண் கால் வைப்பாள் என்ற நிலை. இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பெயர் மாறியது நன்று.

1926-இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. பயிற்சி பெற்றவர் பதிவேட்டில் ஏறினர். பயிற்சி பெறாத ஊர் மருத்துவச்சி, பேற்றுச் சாவுகளுக்கெல்லாம் பொறுப்பாளி ஆக்கப்பட்டாள். அவள் கையில் பிழை இல்லையா? உண்டு. தூய்மையற்ற கத்தியால் கொடியறுத்ததும், புண்ணில் கண்டதைப் பூசியதும் எத்தனையோ சேய்களைச் சன்னிக்கு இரையாக்கின. அதை மறைக்க வேண்டியதில்லை. பழமை என்பதற்காகப் போற்றுவது பகுத்தறிவும் அன்று.

ஆனால் பழி அவள் சாதிக்குரியதா, அறியாமைக்குரியதா? வியன்னா நகரத்தைப் பாருங்கள். 1840-களில் அங்குள்ள பெரிய மருத்துவமனையில் இரண்டு பேறுகாலப் பிரிவுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவச்சியர். தாய்மார் மிகுதியாக மாண்டது படித்தவர் பிரிவில்! பிணத்தை அறுத்த கையோடு பேறு பார்க்க வந்ததே காரணம் என்று கண்டார் செம்மல்வைசு. 1847-இல் குளோரின் நீரில் கை கழுவச் செய்தார். நூற்றுக்குப் பத்து என்ற அளவில் இருந்த சாவு, அடுத்த ஆண்டு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கியது. சாவைக் கொண்டுவந்தது குலமன்று, கழுவாத கை. கழுவக் கற்றுக்கொடுக்க வேண்டியதுதான் சமுதாயத்தின் கடமை. நாமோ கற்றுக்கொடுக்காமல் இருந்துவிட்டு, கல்லாதவள் என்று இகழ்ந்தோம்.

1946-இல் போர் குழுவின் அறிக்கை வந்தது. எழும்பூரில் பேறுகால மருத்துவம் கற்பித்த ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர். இந்தியாவில் ஆயிரம் பேற்றுக்கு ஏறத்தாழ 20 தாய்மார், ஆண்டுக்கு இரண்டு இலட்சம் தாய்மார் மடிவதாக அது கணக்கிட்டது. இலட்சத்துக்கு 2,000! 2018 - 20 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் 54. ஆரம்ப சுகாதார நிலையமும், மாதச் சம்பளம் பெறும் கிராம சுகாதாரச் செவிலியரும் இம்மாற்றத்தில் பெரும்பங்கு கொண்டனர். 2019 - 21 ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பேறுகள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. முத்துலெட்சுமி அம்மையார் பெயரிலான பேறுகால உதவி 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 ரூபாய் என உயர்ந்தது. பேற்றுக்காகத் தாய் கொடுத்த காலம் போய், தாய்க்கு அரசு கொடுக்கும் காலம் வந்தது.

முடிந்ததா வேலை? இல்லை. "ஆணா? இவ்வளவு கொடு. பெண்ணா? அதில் பாதி கொடு" என்று பேற்றறை வாசலில் கை நீட்டும் வழக்கம் இன்னும் சாகவில்லை. களத்துமேட்டு இழிவு மருத்துவமனைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. அதே ஆய்வில் நூற்றுக்கு 44.9 பேறுகள் அறுவையால் நிகழ்ந்தவை. தேவைக்கு மிஞ்சிய கத்தி இது என்ற ஐயம் நியாயமானது. இதற்கு அஞ்சிச் சிலர், வீட்டிலேயே பெறுவோம் என்கின்றனர். 2018-இல் திருப்பூரில், பயிற்சி பெற்றவர் எவருமின்றி, காணொளியைப் பார்த்து வீட்டில் பேறு பார்த்த முயற்சியில் ஒரு தாய் மாண்டார். இயற்கை என்ற பெயரில் வந்தாலும் மடமை மடமையே.

வழி என்ன? அதே 2018-இன் இறுதியில் இந்திய அரசு, செவிலியர்க்கு 18 மாதத் தனிப் பயிற்சி அளித்து, இயல்பான பேற்றை அவர்களிடமே ஒப்படைக்கும் நெறிமுறையை வெளியிட்டது. அதாவது, மருத்துவச்சி திரும்பி வருகிறாள். கழுவிய கையோடு, கற்ற அறிவோடு, சாதிப் பெயரின்றி.

அவளை வரவேற்போம், தோழர்களே! ஆனால் முன்பு செய்த பிழையை மீண்டும் செய்யாதிருப்போம். உங்கள் ஊரில் ஒரு முதியவள் இருக்கக்கூடும். நூறு குழந்தைகளை ஏந்தியவள். ஏந்திய வீடுகளிலேயே திண்ணைக்கு மேல் ஏறாதவள். அவளை உள்ளே அழைத்து அமரச்செய்து, பேசச் சொல்லிக் கேட்டு எழுதி வையுங்கள். கொடுக்காமல் விட்ட கூலியில் அதுவே முதல் தவணை.