நம் பார்க்கிங்கும் ஜெயங்கொண்டம் நிலக்கரியும்



அடுத்த பொதுக்குழுவில், பார்க்கிங்கில் சார்ஜிங் பாயின்ட் வைப்பது பற்றிப் பேசப்போகிறோம். எங்கள் பிளாக்கில் மட்டும் ஐந்து பேட்டரி ஸ்கூட்டர்கள் வந்துவிட்டன. "புகையே கிடையாது சார்" என்கிறார்கள். நான் வங்கியில் முப்பத்தைந்து வருடம் பற்று வரவு எழுதியவன். ஒரு பக்கம் குறைந்தால், எந்தப் பக்கம் ஏறியது என்று தேடாமல் தூக்கம் வராது. இந்தப் புகையைத் தேடிப் போனால் அரியலூர் தாண்டி ஜெயங்கொண்டத்தில் போய் நிற்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பேட்டரி வண்டி புதிது என்று நினைக்காதீர்கள். 1900 வாக்கில் அமெரிக்காவில் ஓடிய கார்களில் மூன்றில் ஒன்று பேட்டரி கார்தான். பெட்ரோல் மலிவானதும் அது மறைந்துபோனது. நம் பக்கம் 1993-ல் 'லவ்பேர்ட்' என்று இரண்டு பேர் உட்காரும் மின்சாரக் கார் வந்தது. சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் தொழிற்கூடம் வைத்திருந்த ஒரு நிறுவனம் செய்தது. மேடு ஏறத் திணறியது, விற்கவில்லை. 2001-ல் பெங்களூரு 'ரேவா', பிறகு 2021-ல் கிருஷ்ணகிரி போச்சம்பள்ளியில் பெரிய ஸ்கூட்டர் தொழிற்சாலை. மீதி உங்களுக்கே தெரியும்.

இந்த வண்டிகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அதே 1990-களில் ஜெயங்கொண்டம் விவசாயிகள் அந்தக் கேள்விக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயங்கொண்டத்துக்கு அடியில் நூறு கோடி டன்னுக்கு மேல் பழுப்பு நிலக்கரி, அதாவது லிக்னைட், இருக்கிறது. அதைத் தோண்டி மின்நிலையம் வைக்க, 1990-களின் பிற்பாதியில் டிட்கோ மூலம் பதின்மூன்று கிராமங்களில் 8,000 ஏக்கருக்கு மேல் பட்டா நிலம் கையகப்படுத்தப்பட்டது. நான் அப்போது அங்கே ஒரு கிளையில் குமாஸ்தா. இழப்பீட்டுச் செக்கோடு வரிசையில் வந்த ஒரு பெரியவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, பணம் வாங்கிட்டேன். முந்திரி இந்த வருஷமும் பூத்திருக்கு. கொட்டை பொறுக்கிக்கலாமா, கூடாதா?" எனக்குப் பதில் தெரியவில்லை. மேனேஜருக்கும் தெரியவில்லை.

பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள், இருபது வருடத்துக்கு மேல். சுரங்கம் வரவில்லை. டிட்கோவுக்குப் பிறகு நெய்வேலி நிறுவனமே செய்யும் என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. இழப்பீட்டைக் கூட்டிக் கேட்ட வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. உழுகிறவர் ஒருவர், பத்திரத்தில் உரிமை இன்னொருவருக்கு. அந்த நிலத்தைக் காட்டிப் பயிர்க்கடன் கேட்டு வந்தவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடைசியில் இந்த 2020-களில்தான் அரசு திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர முடிவு செய்தது. லிக்னைட் இன்னும் மண்ணுக்கு அடியில்தான் கிடக்கிறது.

தோண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அறிய, பக்கத்து நெய்வேலியைப் பாருங்கள். 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், 1962-ல் மின்சாரம் வந்தது. ஊருக்கு வேலையும் வெளிச்சமும் வந்தது உண்மை. ஆனால் அங்கே லிக்னைட்டுக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். கிணற்றுப் பாசனம் செய்கிறவருக்கு இதன் பொருள் புரியும்.

சரி, இப்போது கணக்கு. பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கி.மீ. தந்தால், 100 கி.மீட்டருக்குச் சுமார் 5 கிலோ கரியமில வாயு. பேட்டரி ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்குச் சுமார் 3.5 யூனிட் வேண்டும். நம் நாட்டு மின்சாரம் சராசரியாக யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல் வெளியிடுகிறது. ஆக இரண்டரை கிலோ, அதாவது பாதி. லிக்னைட் மின்சாரம் மட்டும் என்றால் யூனிட்டுக்கு 1 கிலோவைத் தாண்டும், நான்கு கிலோ வரை போகும். அப்போது லாபம் கொஞ்சம்தான்.

பேட்டரி செய்யும்போதே ஒரு கடன் ஏறிவிடுகிறது. ஸ்கூட்டர் பேட்டரிக்குச் சுமார் 250 கிலோ என்று வைத்தால், அது அடைய 10,000 கி.மீ. ஓட்ட வேண்டும். வாங்கி நிறுத்தி வைக்கிறவர்கள் (சி பிளாக்கில் ஒருவர் இருக்கிறார், கோபித்துக்கொள்ள வேண்டாம்) கடனை அடைக்கவே போவதில்லை. லித்தியத்துக்காக சிலி நாட்டுப் பாலைவனத்தில் உப்புநீரை உறிஞ்சி வற்ற வைக்கிறார்கள். அங்கேயும் ஒரு ஜெயங்கொண்டம் இருக்கும். பழைய பேட்டரியைத் தயாரிப்பாளரே திரும்ப எடுக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. காயலான் கடையில் போடாதீர்கள்.

இன்னொன்று, வண்டி பேட்டரியில் ஓடினாலும் டயர் தேயும், தூசி பறக்கும். அரியலூர் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம் கையில் இருப்பது எந்த நேரத்தில் சார்ஜ் போடுகிறோம் என்பது. எல்லாரும் இரவு ஏழு மணிக்கு வந்து பிளக்கைச் சொருகினால், அந்த நேரத்துப் பாரத்தைப் பெரும்பாலும் அனல் மின்நிலையங்களே சுமக்கின்றன. ஆடிக் காற்றில் மட்டும் காற்றாலை கைகொடுக்கும். பகலிலோ சூரிய மின்சாரம் இருக்கிறது. நம் மொட்டை மாடியில் ஒரு கிலோவாட் பேனலுக்குச் சுமார் 100 சதுர அடி போதும். நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும். ஒரு ஸ்கூட்டர் 100 கி.மீ. ஓட அது போதும். ஓய்வு பெற்றவர்களின் வண்டியும் வீட்டில் இருப்பவர்களின் வண்டியும் பகல் முழுக்கச் சும்மாதான் நிற்கின்றன.

ஆகவே, இரவுக்கு இரண்டு பாயின்ட், பகலுக்குச் சோலாரோடு நான்கு பாயின்ட் என்று பொதுக்குழுவில் முன்மொழியப் போகிறேன். செலவு அதிகம் என்று ஆட்சேபிக்கிறவர்கள் கொட்டேஷனோடு வாருங்கள், பேசுவோம். மாடிச் சாவி செயலாளரிடம் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டி நிழல் எதுவரை விழுகிறது என்று அளக்கப் போகிறேன். வருகிறவர்கள் ஒரு டேப் கொண்டு வந்தால் நல்லது.