யூரோடெஸ்ட்: பனிச்சறுக்குப் பயிற்றுநர்களுக்கான வேகத் தேர்வின் வரலாறு

யூரோடெஸ்ட் என்பது ஐரோப்பாவில் ஆல்பைன் பனிச்சறுக்குப் பயிற்றுநராக விரும்புவோர் எழுத வேண்டிய வேகத் தேர்வு. காகிதத்தில் அல்ல, பனிச்சரிவில் நடக்கும் தேர்வு இது. ஜெயண்ட் ஸ்லாலம் என்னும் பந்தய வகையில், நடப்பட்ட வாயில்களின் வழியே சறுக்கி இறங்கி, குறித்த நேரத்துக்குள் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். தேர்வரின் நடை அழகுக்கோ கற்பிக்கும் திறனுக்கோ இதில் மதிப்பெண் இல்லை. கடிகாரம் காட்டும் நேரம் மட்டுமே முடிவைச் சொல்லும்.

ஒரு காலத்தில் பனிச்சறுக்கு கற்பித்தவர்கள், அந்தக் காரணத்தாலேயே ஒலிம்பிக் பந்தயத்தில் இறங்கத் தடை செய்யப்பட்டனர். இன்று பந்தய வேகம் இல்லாதவருக்கு ஆல்ப்ஸ் மலையில் கற்பிக்கும் முழு உரிமை கிடைப்பதில்லை. இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதே யூரோடெஸ்டின் வரலாறு.

ஆசிரியத் தொழிலின் தொடக்கம்

பனிச்சறுக்கு ஸ்காண்டிநேவிய நாடுகளில் பழங்காலம் முதலே பயணத்துக்கும் வேட்டைக்கும் பயன்பட்டது. செங்குத்தான ஆல்ப்ஸ் சரிவுகளுக்கு ஏற்ற நுட்பங்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் உருவாயின. ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் வாழ்ந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி இதில் முன்னோடி. அவர் 1905-இல் முக்கன்கோகல் மலையில் வாயில்கள் நட்டு ஒரு சறுக்குப் போட்டி நடத்தினார். அந்தப் போட்டி வேகத்தைவிடத் திருப்பங்களில் உள்ள கட்டுப்பாட்டைச் சோதிப்பதாக இருந்தது.

பயிற்றுநர் என்னும் தொழிலுக்கு வடிவம் கொடுத்தவர் ஹான்னஸ் ஷ்னைடர். ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் பகுதியில் ஸ்டூபன் என்னும் சிற்றூரில் 1890-இல் பிறந்த இவர், 1907-இல் சாங்க்ட் ஆன்டனில் விடுதி விருந்தினர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். முதல் உலகப் போருக்குப் பின் அங்கே தன் பள்ளியை விரிவாக்கினார். மாணவர்களைத் திறனுக்கேற்பக் குழுக்களாகப் பிரித்து, எளிய திருப்பத்திலிருந்து கடினமான திருப்பத்துக்குப் படிப்படியாகக் கொண்டுசெல்வது அவரது முறை. இது ஆர்ல்பெர்க் முறை எனப் பெயர் பெற்றது. ஆர்னால்ட் ஃபாங்கின் மலைத் திரைப்படங்களில் நடித்ததால் ஷ்னைடரின் புகழ் வெளிநாடுகளிலும் பரவியது. ஜெர்மனி 1938-இல் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபின் அவர் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு அமெரிக்கா சென்று நியூ ஹாம்ப்ஷயரில் குடியேறினார்.

1936: ஆசிரியருக்குப் பந்தயத் தடை

ஆல்பைன் பனிச்சறுக்கு முதன்முதலில் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1936-இல், ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டன்கிர்ஷனில். அக்காலத்தில் ஒலிம்பிக் விளையாட்டுகள் தொழில்முறை சாராதவர்களுக்கு மட்டுமே உரியவை. கூலி வாங்கிக்கொண்டு கற்பிப்பவர் தொழில்முறையாளரே என்று பன்னாட்டு ஒலிம்பிக் குழு தீர்மானித்தது. 1924-இல் தோன்றிய பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு பயிற்றுநர்களைத் தன் போட்டிகளில் அனுமதித்து வந்தது. எனவே இரு அமைப்புகளுக்கும் இடையே பூசல் மூண்டது.

ஆல்ப்ஸ் கிராமங்களில் சிறந்த சறுக்கு வீரர்கள் பலருக்குக் குளிர்காலத்தில் கற்பிப்பதே பிழைப்பு. ஆகவே இந்தத் தடை ஆஸ்திரியாவையும் சுவிட்சர்லாந்தையும் கடுமையாகப் பாதித்தது. அவ்விரு நாடுகளின் முன்னணி வீரர்கள் ஆடவர் ஆல்பைன் போட்டியைப் புறக்கணித்தனர். பூசல் தீராததால் 1940 ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கைச் சேர்ப்பதில்லை என்றும் முடிவாயிற்று. போர் காரணமாக அந்த ஒலிம்பிக்கே நடக்கவில்லை.

நடைமுறைகளின் மோதல்

கார்மிஷில் வெண்கலம் வென்ற பிரான்சின் எமில் அலே, 1937-இல் ஷாமொனியில் உலக வாகையர் ஆனார். அவர் பந்தயத்தில் கற்றதைப் பாடமுறையாக மாற்றினார். இரு ஸ்கீக்களையும் இணையாக வைத்தே திரும்பும் பிரெஞ்சு முறை, ஆர்ல்பெர்க் முறைக்குப் போட்டியாக எழுந்தது. போருக்குப் பின் ஆஸ்திரியாவில் ஸ்டெஃபான் குருக்கன்ஹவுசர் குறுந்திருப்பங்களை அடிப்படையாகக் கொண்ட வேறொரு முறையைப் பரப்பினார். பயிற்றுநர்களின் பன்னாட்டு மாநாடு 1951-இல் ஆஸ்திரியாவின் ஸூர்ஸில் தொடங்கியது. ஒவ்வொரு நாடும் தன் முறையைச் சரிவில் செய்துகாட்டும் மேடையாக அது அமைந்தது.

இந்தப் போட்டி பின்னாளில் ஒரு நடைமுறைச் சிக்கலுக்கு வழிவிட்டது. ஒரு நாட்டின் தேர்வாளர் மற்றொரு நாட்டின் பயிற்றுநரை எப்படி மதிப்பிடுவது? ஆஸ்திரியத் தேர்வாளருக்கு அழகாகத் தெரிந்த திருப்பம் பிரெஞ்சுத் தேர்வாளருக்குப் பிழையாகத் தெரியக்கூடும். எந்த முறையில் கற்றவருக்கும் பொதுவாக நிற்கக்கூடிய அளவுகோல் கடிகாரம்தான்.

கடிகாரமும் சதவீதமும்

வாயில்களுக்கு இடையே சறுக்கும் நவீன ஸ்லாலத்தின் விதிகளை ஆங்கிலேயரான ஆர்னால்ட் லன் 1922-இல் சுவிட்சர்லாந்தின் மூரனில் நடைமுறைப்படுத்தினார். நடை அழகை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தது அவர் செய்த முக்கிய மாற்றம். ஜெயண்ட் ஸ்லாலம் 1930-களில் இத்தாலியில் உருவானது. ஸ்லாலத்தைவிட இதில் வாயில்களுக்கு இடையே தொலைவு அதிகம், திருப்பங்கள் பெரியவை, வேகமும் கூடுதல். 1950-இல் ஆஸ்பனில் நடந்த உலகப் போட்டியிலும், 1952-இல் ஆஸ்லோ ஒலிம்பிக்கிலும் இது தனிப் பிரிவானது. ஆஸ்லோவில் ஆடவர் தங்கத்தை நார்வேயின் ஸ்டெய்ன் எரிக்சன் வென்றார்.

பந்தயத்தில் முதலில் வந்தவர் யார் என்று தெரிந்தால் போதும். தேர்வில் நிலைமை வேறு. இன்று ஒரு மலையில் எழுதியவரையும் அடுத்த மாதம் வேறொரு மலையில் எழுதியவரையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டும். சரிவு, பனியின் இறுக்கம், வாயில்களின் அமைப்பு ஆகியவை நாளுக்கு நாள் மாறுவதால், இத்தனை வினாடி என்று நிலையான எல்லை வைக்க முடியாது.

இதற்குப் பிரெஞ்சுப் பனிச்சறுக்குப் பள்ளிகள் ஒரு வழி கண்டன. விடுமுறைக்கு வரும் மாணவர்களுக்காக அவை நடத்திய ஷாமுவா முதலிய நேரத் தேர்வுகளில், முதலில் ஒரு பயிற்றுநர் சறுக்கித் தடத்தைத் திறப்பார். மாணவர் அவரைவிட எத்தனை சதவீதம் பின்தங்குகிறார் என்பதைக் கொண்டு பதக்கம் தரப்படும். தடத்தைத் திறப்பவரின் வேகமும் நாட்டின் சிறந்த வீரரோடு ஒப்பிட்டு முன்பே அளக்கப்பட்டிருக்கும். இதே கருத்தைக் கொண்டு அமெரிக்கப் பத்திரிகையாசிரியர் ஜான் ஃப்ரை 1968-இல் நாஸ்டார் என்னும் பொதுமக்கள் பந்தயத் திட்டத்தைத் தொடங்கினார்.

யூரோடெஸ்டின் கணக்கும் இவ்வகையைச் சேர்ந்ததே. முன்னோட்ட வீரர்கள் சிலர் தேர்வு நாளில் தடத்தில் சறுக்குவர். ஒவ்வொருவருக்கும் முன்பே கணிக்கப்பட்ட ஒரு திருத்த எண் உண்டு. உலகத் தரவரிசையின் உச்சியில் உள்ள ஒருவர் அதே தடத்தில் எவ்வளவு நேரம் எடுப்பார் என்பதை அந்த எண்ணைக் கொண்டு கணிக்கின்றனர். அதுவே அடிப்படை நேரம். ஆண்கள் அதைவிட 18 சதவீதத்துக்கு மேலும், பெண்கள் 24 சதவீதத்துக்கு மேலும் பின்தங்கக் கூடாது. அடிப்படை நேரம் 50 வினாடி என்றால், ஆணுக்கு எல்லை 59 வினாடி, பெண்ணுக்கு 62 வினாடி. எல்லையை நூறில் ஒரு பங்கு வினாடி தாண்டினாலும் தோல்விதான். வாயில் ஒன்றைத் தவறவிட்டாலும் அந்த ஓட்டம் செல்லாது.

எல்லை திறந்தபோது எழுந்த வழக்கு

பிரான்ஸ் 1948-இல் சட்டம் இயற்றிப் பனிச்சறுக்குக் கற்பிப்பதை அரசுச் சான்று தேவைப்படும் தொழிலாக்கியது. ஷாமொனியில் உள்ள தேசியப் பனிச்சறுக்கு, மலையேற்றப் பள்ளி இத்தொழிலுக்கான பயிற்சியின் மையமானது. மலைப்பகுதி மக்களுக்கு இது வாழ்வாதாரத்துக்கான காப்பு. விபத்து மிகுந்த தொழில் என்பதால் பாதுகாப்புக் காரணமும் சொல்லப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படைக் கொள்கையோ ஒரு நாட்டின் தொழிலாளர் மற்ற நாடுகளிலும் வேலை செய்யலாம் என்பது. தகுதிச் சான்றுகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள 1992-இலும் 2005-இலும் உத்தரவுகள் வந்தன. மலையே இல்லாத நாட்டில் பெற்ற சான்றைக் கொண்டு பிரெஞ்சு ஆல்ப்ஸில் கற்பிக்கலாமா என்ற கேள்வி அப்போது கூர்மையானது. வேகத் தேர்வில் தேறியவரை ஏற்கலாம் என்பது ஆல்ப்ஸ் நாடுகளின் நிலை. சந்தையைக் காப்பதற்கான வேலி இது என்பது எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு. பிரிட்டிஷ் பயிற்றுநர்கள் இந்த விவாதத்தில் முன்னின்றனர். அவர்களது அமைப்பும் தன் உச்சநிலைச் சான்றுக்கு இந்த வேகத் தேர்வை நிபந்தனையாக்கியது.

2012-இல் ஆஸ்திரியா, பிரான்ஸ், இத்தாலி, பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகள் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் வழியே வந்த அனுபவத்தைக் கொண்டு ஐரோப்பிய ஆணையம் 2019-இல் பொதுப் பயிற்சித் தேர்வுக்கான விதிமுறையை வெளியிட்டது. இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று யூரோடெஸ்ட். மற்றொன்று பனிச்சரிவு ஆபத்து, தடத்துக்கு வெளியே சறுக்குதல், மீட்பு ஆகியவற்றைச் சோதிக்கும் பாதுகாப்புத் தேர்வு. இரண்டிலும் தேறிய தகுதியுள்ள பயிற்றுநரை உறுப்பு நாடுகள் ஏற்க வேண்டும். பிரிட்டன் 2020-இல் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியபின் அந்த நாட்டுப் பயிற்றுநர்களுக்கு இந்தத் தானியங்கி ஏற்பு இல்லாமல் போனது.

பயிற்சி

சிறுவயதிலிருந்தே பந்தயக் குழுவில் வளர்ந்தவருக்கு இந்தத் தேர்வு எளிது. பன்னாட்டுப் போட்டிகளில் போதிய தரப்புள்ளி பெற்றவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கும் உண்டு. வளர்ந்தபின் பனிச்சறுக்குக்கு வந்தவர்களோ ஓராண்டு, ஈராண்டு முழுமையாக ஒதுக்கிப் பயில வேண்டியிருக்கிறது. பலமுறை தோற்று மீண்டும் எழுதுவோர் பலர்.

பயிற்சியின் மையம் வழித்தேர்வு. வாயிலை நெருங்கியபின் திரும்பத் தொடங்குபவர் அதைத் தாண்டிக் கீழே வழுக்கிப் போவார். அடுத்த வாயிலுக்கான சரியான வழி தவறுவதால் நேரம் கரையும். ஆகவே திருப்பத்தின் பெரும்பகுதியை வாயிலுக்கு மேலேயே முடித்துவிடப் பழகுகின்றனர். வெளிப்புற ஸ்கீயின் மேல் எடையை ஏற்றி, அதன் விளிம்பு பனியை அறுத்துக்கொண்டு ஓடச் செய்ய வேண்டும். ஸ்கீ பக்கவாட்டில் தேய்ந்தால் அதுவே பிரேக். பின்னால் வருபவர்களுக்குத் தடத்தில் பள்ளங்கள் விழுந்திருக்கும் என்பதால், குலுங்கும் பாதையில் உடல் சமநிலையைக் காப்பதும் பாடத்தில் அடங்கும்.

தொடக்கக் கதவிலிருந்து வலுவாக உந்தி வெளிவருவது, தட்டையான பகுதியில் குனிந்து காற்றின் தடையைக் குறைப்பது, ஓட்டத்துக்கு முன் தடத்தைப் பார்வையிட்டு மனப்பாடம் செய்வது ஆகியவையும் முக்கியம். ஸ்கீயின் விளிம்பைத் தீட்டுவதும் பனியின் வெப்பநிலைக்கேற்ற மெழுகு பூசுவதும் இரவு வேலை. கோடையில் தொடைத் தசைகளுக்கான உடற்பயிற்சியோடு, ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ், இத்தாலியின் ஸ்டெல்வியோ, சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் போன்ற பனியாற்றுச் சரிவுகளில் பயிற்சி நடக்கும். ஆல்ப்ஸ் பனியாறுகள் சுருங்கி வருவதால் பல இடங்களில் இந்தக் கோடைப் பருவமும் குறுகிவருகிறது. பயண, தங்கும் செலவுகள் தேர்வருக்கு மேலும் சுமையாகின்றன.

மதிப்பீடு

யூரோடெஸ்டை ஆதரிப்போர் அதன் நடுநிலையைச் சுட்டுகின்றனர். கடிகாரத்துக்கு நாடும் மொழியும் தெரியாது. இறுகிய பனியில் வேகமாகவும் தவறாமலும் இறங்கக்கூடியவர் எந்தச் சரிவிலும் தன்னைக் கட்டுக்குள் வைத்திருப்பார் என்பதும் அவர்கள் வாதம்.

எதிர்ப்போர் கேட்பது வேறு. பயிற்றுநரின் மாணவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளும் முதன்முறை பனியில் கால் வைப்பவர்களும்தான். அவர்களுக்குத் தேவை பொறுமையும் விளக்கும் ஆற்றலும். வேகத்துக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வயது கூடியவருக்கும், மலையற்ற நாட்டில் பிறந்தவருக்கும், பணமில்லாதவருக்கும் இந்த வாசல் குறுகியது. அமெரிக்காவில் பயிற்றுநர் சான்று தேர்வாளர்களின் நேரடி மதிப்பீட்டைக் கொண்டே வழங்கப்படுகிறது, அதற்கு நேரக்கணக்குப் பந்தயம் நிபந்தனை அல்ல. அங்கும் தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கற்பிக்கும் திறனை யூரோடெஸ்ட் அளப்பதில்லை என்பதை அதை நடத்தும் நாடுகளும் மறுப்பதில்லை. அதற்கெனப் பாடமுறைத் தேர்வுகளும் பயிற்சிக் காலமும் தனியே உள்ளன. வெவ்வேறு முறைகளில் பயின்ற பயிற்றுநர்களை எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ளும் ஓர் அளவில் நிறுத்துவதே இதன் பணி. 1936-இல் ஆசிரியரையும் பந்தய வீரரையும் பிரித்து நிறுத்திய கோடு இன்று இல்லை. அந்த இடத்தில் இப்போது 18 சதவீதம், 24 சதவீதம் என்னும் வேறு கோடுகள் உள்ளன. அவை எங்கே இருக்க வேண்டும் என்ற விவாதம் தொடர்கிறது.