லிங்கோத்பவர் பிறந்த கதை

சிவன் கோயிலில் கருவறையைச் சுற்றி வருகிறவர்கள் பின்பக்கத்து மாடத்தின் முன் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். அங்கே இருப்பவர் லிங்கோத்பவர். நீண்ட தூணின் நடுவே ஒரு பிளவு. அதற்குள் மானும் மழுவும் ஏந்திய சிவன். உற்றுப் பார்த்தால் முடியின் உச்சி தெரியாது, பாதமும் தெரியாது. இந்த உருவத்துக்குக் காரணமான வழக்கு நடந்த இடம் திருவண்ணாமலை என்கிறது தலபுராணம்.

படைக்கிற நானே பெரியவன் என்றார் பிரமன். காக்கிற நானே பெரியவன் என்றார் திருமால். இருவருக்கும் நடுவே நெருப்புத் தூண் ஒன்று எழுந்தது. அதன் அடியையோ முடியையோ காண்பவரே பெரியவர் என்று முடிவாயிற்று. திருமால் பன்றியாகி மண்ணைக் குடைந்தார். பிரமன் அன்னமாகிப் பறந்தார். தம் பலத்தை மிகையாக எடைபோட்டதில் இருவரும் ஒன்றுதான். தோற்ற பிறகுதான் வேறுபட்டார்கள். திருமால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரமனோ முடியைக் கண்டதாகச் சொல்லி, தூணாக நின்ற சிவனின் முடியிலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்து வந்தார். பிரமனுக்குத் தனிக்கோயில் இல்லாமல் போனது. தாழம்பூ சிவபூசையிலிருந்து விலக்கப்பட்டது. தப்புக்கணக்கு போட்ட இருவரில், அதை மறைத்தவருக்கு மட்டுமே தண்டனை.

கதை பாட்டில் ஊறிக் கிடந்தது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் ஒன்பதாம் பாட்டை இந்த இருவரின் தேடலுக்கே ஒதுக்கினார். அப்பர் இதற்கென்றே இலிங்கபுராணத் திருக்குறுந்தொகை பாடினார். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இந்தக் காட்சி சிற்பமாக இருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் திருமயம் குடைவரையிலும் உண்டு. சோழர் காலத்தில் லிங்கோத்பவருக்குக் கருவறையின் பின்சுவர் மாடம் நிலையான இடமாயிற்று.

சிற்பிக்கு ஒரு சிக்கல் இருந்தது. முடிவே இல்லாத தூணைச் சில அடி உயர மாடத்துக்குள் காட்ட வேண்டும். உச்சி முதல் பாதம் வரை செதுக்கிவிட்டால் பிரமன் சொன்ன பொய் மெய்யாகிவிடும். அதனால் முடியையும் அடியையும் கல்லுக்குள்ளேயே விட்டுவிட்டான். மேலே பறக்கும் அன்னம், கீழே மண்ணைக் கிளறும் பன்றி என்று இரண்டை மட்டும் வைத்து, தேடல் இன்னும் ஓயவில்லை என்று புரியவைத்தான். தன் உளியின் எல்லை அவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்த நெருப்புத் தூணே குளிர்ந்து திருவண்ணாமலையில் 2,668 அடி மலையாக நிற்கிறது என்பது ஊர் நம்பிக்கை. கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு அதன் உச்சிக் கொப்பரையில் மறுபடி நெருப்பு ஏறுகிறது. பொய் சொன்ன தாழம்பூவையும் ஊர் ஒரேயடியாகக் கைவிடவில்லை. அண்ணாமலையார் கோயிலில் மகா சிவராத்திரி இரவு லிங்கோத்பவருக்கு நடக்கும் பூசையில் அது சாத்தப்படுகிறது.