புர்கோஸ் நகரில் ஒரு நாள் இளைப்பாறல்

சந்தியாகு, சந்தியாகப்பர், யாகப்பர்: அப்போஸ்தலராகிய புனித பெரிய யாகப்பரை நம் முன்னோர் அன்போடு அழைத்த பெயர்கள் இவை. ‘சாந்தியாகோ’ என்ற சொல் போர்த்துக்கீசர் வழியாக நம் கடற்கரையில் வந்திறங்கி, சந்தியாகு என்று தமிழாகிவிட்டது. அதே பெயரைத் தாங்கிய நகரம் ஒன்று ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ளது. அப்போஸ்தலரின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பி, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் கால்நடையாக அங்கே சென்று வருகிறார்கள்.

அங்கு செல்லும் வழிகள் பல. அவற்றுள் பெயர் பெற்றது ‘பிரெஞ்சுப் பாதை’. பிரனீசு மலையடிவாரத்தில் தொடங்கி ஏறத்தாழ 780 கிலோமீட்டர் செல்லும் இப்பாதையை நடந்து முடிக்க ஐந்து வாரங்கள் வரை ஆகும். இந்த நெடும் பாதையில் யாத்திரிகர்கள் பலர் ஒரு நாள் நடையை நிறுத்தி இளைப்பாறும் நகரம் புர்கோஸ். அந்த ஒரு நாளைப் பற்றியும், அந்த இளைப்பாறலுக்கு இடம் தந்த நகரத்தைப் பற்றியும் நம் பங்கு மக்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

புர்கோசை அடையும்போது யாத்திரிகர் ஏறக்குறைய 280 கிலோமீட்டர் நடந்திருப்பார். முற்காலத்தில் அவர் கடந்து வந்தது ஓக்கா மலைக்காடு. கள்வர்களுக்குப் பேர்போன இடம். வழிப்போக்கர் படும் துன்பத்தைக் கண்டு, அந்தக் காட்டுக்குள்ளேயே கோவிலும் தங்குமிடமும் எழுப்பியவர் 1163-இல் இறந்த புனித யோவான் தே ஒர்த்தேகா. காட்டைத் தாண்டினால் புர்கோஸ். புர்கோசைத் தாண்டினாலோ நிழல் அரிதான பரந்த பீடபூமி. கோடையில் வெயில் சுட்டெரிக்கும். குளிர்காலத்தில் காற்று எலும்பைத் துளைக்கும். ஆகவே துணி துவைக்கவும், செருப்பைத் தைக்கவும், பாதத்துக் கொப்புளங்களுக்கு மருந்திடவும், பாவசங்கீர்த்தனம் செய்து பூசை காணவும் இந்நகரத்தில் தங்குவது வழக்கமாயிற்று. உடலுக்கும் ஆன்மாவுக்கும் ஒருங்கே பழுது பார்க்கும் நாள் அது.

களைத்து வருகிறவனுக்கு யார் கதவைத் திறப்பது? இந்தக் கேள்விக்கு முதலில் விடை தந்தவர்களுள் ஒருவர், புர்கோஸ் தன் பாதுகாவலராகப் போற்றும் புனித லெஸ்மெஸ். இவர் உள்ளூர்க்காரர் அல்லர், பிரான்சு நாட்டவர். போர்வீரராக இருந்து, உடைமைகளைத் துறந்து ஆசீர்வாதப்பர் சபைத் துறவியானவர். காஸ்தீலிய அரசி கொன்ஸ்தான்சா அழைக்க, ஸ்பெயினுக்கு வந்தார். அரசர் 6-ஆம் அல்போன்சு 1091-இல் நகர மதிலுக்கு வெளியே இருந்த புனித அருளப்பர் சிற்றாலயத்தையும், அதைச் சேர்ந்த சத்திரத்தையும் அவரிடம் ஒப்படைத்தார். யாத்திரிகருக்கும் ஏழைகளுக்கும் ஊழியம் செய்தே 1097-இல் கண்மூடினார். இன்றும் கிழக்கிலிருந்து நகரத்துக்குள் நுழையும் யாத்திரிகர், அவரது கல்லறை இருக்கும் கோவிலைக் கடந்துதான் போகிறார். ஜனவரி மாதத்தில் அவர் திருநாளின்போது மந்திரித்த சிறு அப்பங்களை மக்களுக்கு வழங்குகிறார்கள்.

நூறு ஆண்டுகளுக்குப் பின், 1195-ஐ ஒட்டி, அரசர் 8-ஆம் அல்போன்சு நகரத்தின் மேற்கே ‘அரசர் சத்திரம்’ என்ற பெரிய இல்லத்தை நிறுவினார். அதன் நிர்வாகம் அருகிலிருந்த லாஸ் ஊயெல்காஸ் கன்னியர் மடத்தின் தலைவியிடம் இருந்தது. 1495-இல் ஹெர்மன் கூனிக் என்ற ஜெர்மானியத் துறவி யாத்திரிகருக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். புர்கோசில் 32 சத்திரங்கள் உண்டென்றும், உண்ணவும் குடிக்கவும் தாராளமாகத் தரும் அரசர் சத்திரமே அவற்றுள் சிறந்ததென்றும் அதில் குறித்துள்ளார். ஒரே நகரத்தில் 32! அந்தச் சத்திரத்தின் கோவில் கதவில் யாத்திரைக் குடும்பம் ஒன்றை மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். அதில் கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாயும் இருக்கிறாள்.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அதே கூனிக், யாத்திரிகர் 350 பேரை நஞ்சிட்டுக் கொன்ற சத்திரத் தலைவன் ஒருவன் மரண தண்டனை பெற்ற கதையையும் சொல்லுகிறார். 12-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட யாகப்பர் யாத்திரை நூலோ இன்னொரு கதையைத் தருகிறது. பிரான்சில் புவாத்தியே நகரத்துத் தெரு ஒன்றில் இரு யாத்திரிகர் வீடு வீடாகத் தட்டியும் ஒருவரும் கதவு திறக்கவில்லை. கடைசி வீட்டில் இருந்த ஏழை ஒருவன்தான் இடம் கொடுத்தான். அன்றிரவு தீப்பற்றி அந்தத் தெரு முழுவதும் எரிந்தது; ஏழையின் வீடு மட்டும் தப்பியது. இவை நடந்தவையோ, எச்சரிக்கைக்காகச் சொல்லப்பட்டவையோ, ஒன்று தெளிவு: வழிப்போக்கனை ஏற்பதும் மறுப்பதும் அக்காலத்தவருக்குச் சின்ன விஷயமாக இருக்கவில்லை. “அன்னியனாயிருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்கள்” என்ற ஆண்டவரின் தீர்ப்பு அவர்கள் கண்முன் நின்றது.

புர்கோசில் தங்குகிறவர் முதலில் பார்க்க விரும்புவது பேராலயத்தையே. ஆயர் மௌரிசியோவும், பின்னாளில் புனிதராக உயர்த்தப்பட்ட அரசர் 3-ஆம் பெர்தினாந்தும் 1221 ஜூலை 20-இல் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்குமுன் அவ்விடத்தில் ஒரு பழைய பேராலயம் இருந்தது. கல்லில் பின்னிய சரிகைபோல் தோன்றும் இரட்டைக் கோபுரங்கள் 15-ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. நடுக்கோபுரம் 1539-இல் இடிந்து விழ, அதை மீண்டும் கட்டினார்கள். 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இவ்வாலயம், 2021-இல் 800-ஆம் ஆண்டு யூபிலியைக் கொண்டாடியது. எனினும் ஆண்டுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். இன்று நாம் வியக்கும் இந்த ஆலயத்துக்கு முதல் கல் வைத்தபோது, புனித லெஸ்மெஸ் இறந்து 124 ஆண்டுகள் ஆகியிருந்தன. கோபுரம் எழும்புமுன்னே கதவு திறந்திருந்தது.

அந்தக் கதவின் அருமையை உணர்ந்தவர்களுள் நாம் நன்கறிந்த புனிதை ஒருவர் உண்டு. 1582 ஜனவரியில், 66 வயதில், அவிலா புனித தெரேசம்மாள் புதிய மடம் ஒன்றை நிறுவப் புர்கோசுக்கு வந்தார். ஆற்று வெள்ளம் பாலங்களை மூடிக் கிடந்தது. அவருக்கோ காய்ச்சலும் தொண்டைப் புண்ணும். நகரத்தில் அவர் முதலில் நாடியது புகழ்பெற்ற பாடுபட்ட சுரூபத்தை. இப்போது பேராலயத்தில் இருக்கும் அச்சுரூபம் அன்று அகுஸ்தீனார் மடத்தில் இருந்தது. பேராயரின் அனுமதி கிடைக்கத் தாமதமாயிற்று. தங்க இடமின்றி, தம் கன்னியருடன் ஏழைகளின் மருத்துவச் சத்திரம் ஒன்றின் மச்சு அறைகளில் சில வாரங்கள் ஒதுங்கினார். யாரோ அவருக்குக் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களைக்கூட, கீழே கிடந்த நோயாளிகளிடம் எடுத்துச் சென்று கொடுத்துவிட்டாராம். ஏப்ரலில் மடம் உதயமாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் அவர் இறைவனடி சேர்ந்தார். இளைப்பாற இடம் கேட்டு வந்தவரே பிறரை இளைப்பாற்றினார்!

காலம் மாறியது. மதப் பிளவுகளாலும் போர்களாலும் யாத்திரை குன்றியது. 19-ஆம் நூற்றாண்டில் அரசு மடங்களின் சொத்துக்களைப் பறித்தது. அரசர் சத்திரம் இன்று புர்கோஸ் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியாக இருக்கிறது. ஆயினும் பாதை அழிந்துவிடவில்லை. மலைக் கிராமமான செப்ரேய்ரோவின் பங்குக் குரு எலியாஸ் வலீஞா, 1980-களில் மஞ்சள் சாயத்தை எடுத்துக்கொண்டு வழிநெடுகிலும் அம்புக்குறிகளைத் தீட்டினார். 1986-இல் யாத்திரைச் சான்றிதழ் பெற்றவர்கள் 2,491 பேரே; 2024-இல் ஏறக்குறைய 5 லட்சம் பேர்! ஒரு பங்குக் குருவின் சாயவாளி தொடங்கி வைத்த வேலை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

இன்றைய யாத்திரிகர் விடுதிகளில் பொதுவாக ஓர் இரவுதான் தங்கலாம். நலமாயிருப்பவர் காலையில் படுக்கையைக் காலி செய்ய வேண்டும். அடுத்து வருகிறவனுக்கு இடம் வேண்டுமே! ஓய்வு நாள் வேண்டுவோர் வேறு இடம் தேட வேண்டியதுதான். இதிலும் ஒரு பாடம் உண்டு. இளைப்பாறும் இடம் யாருக்கும் சொந்தமல்ல. பெற்றுக்கொண்டவன் பிறனுக்கு விட்டுக்கொடுத்துப் போக வேண்டியது.

யூபிலி ஆண்டில் நம் ஆலயம் எழுந்த வரலாற்றை நினைத்துப் பெருமைப்படுகிறோம், அது தகுதியே. ஆகஸ்டு மாதக் கடைசியில் காவியுடுத்தி, கால் கடுக்க, வேளாங்கண்ணி நோக்கி நடப்போரை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். அவர்கள் நம் கதவைத் தட்டும்போது ஒரு செம்பு தண்ணீரும், ஒரு பாயும், கால் கழுவ ஓர் இடமும் இங்கே கிடைத்தால், நூறு ஆண்டுகளுக்குப் பின் மலர் எழுதுவோர் நம்மைப் பற்றியும் ஒரு வரி எழுத இடம் இருக்கும். எழுதாவிட்டாலும், எழுதி வைக்கிறவர் ஒருவர் மேலே இருக்கிறார்.