ஆள்காட்டியும் மூஞ்சூறும்

வத்திராயிருப்புக் கண்மாய்க் கரையில் ஆளைக் கண்டதும் கத்தும் ஆள்காட்டிக்கும், தொழுவச் சுவரோரம் ஓடும் மூஞ்சூறுக்கும் ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியல் தந்திருக்கும் தகுதி ஒன்றே: அழிவு அபாயம் மிகக் குறைவு. அவை வகைபிரிக்கப்பட்ட வரலாறுதான் வேறு. 1783-இல் இயற்கையியலாளர் போடார்ட் ஆள்காட்டியை உள்ளான்களோடு சேர்த்துப் பெயரிட்டார். பிறகு பேரினம் மாறியதே தவிர, கரைப்பறவைகளின் வரிசையை விட்டு அது விலகவில்லை. 1766-இல் லின்னேயஸ் பெயரிட்ட மூஞ்சூறோ 'பூச்சியுண்ணிகள்' என்ற கதம்பக் கூட்டத்தில் நெடுங்காலம் கிடந்தது. 1990-களின் இறுதியில் மரபணு ஆய்வுகள் அக்கூட்டத்தைக் கலைத்தன. ஆப்பிரிக்கத் தங்க அகழெலிகள் யானையின் உறவாயின. மூஞ்சூறு முள்ளெலியோடு தங்கிவிட்டது. பிள்ளையாரின் வாகனத்துக்கு யானை உறவு வாய்க்கவில்லை!

வீட்டுக்காரருக்கு மூஞ்சூறும் எலிதானே என்று கேட்கலாம். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்வதால் அது கொறித்தே தீர வேண்டும். மூஞ்சூறின் பற்கள் அப்படி வளர்வதில்லை, அது தேடுவது கரப்பானையும் புழுபூச்சியையும். வகைப்பாடு தெரியாமல் வைக்கும் விஷம் தப்பான விலங்கைக் கொல்கிறது. அபாயமில்லாத உயிர்களுக்கு ஏன் கவலை என்பது அடுத்த கேள்வி. அந்தத் தகுதி இனம் முழுவதையும் வைத்துச் சொல்லப்படுவது. ஒரு கண்மாய்க்கு அது உறுதி தராது. வெறுந்தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக்குக் கரை உழப்பட்டால் அந்தப் பருவம் போயிற்று. அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு 1988-இல் சாம்பல் நிற அணிலால் சரணாலயமும், 2021-இல் புலிகள் காப்பகமும் வந்தன. கண்மாயும் தொழுவமும் அந்த எல்லைக்கு வெளியேதான்.