ஒரே கடல்நீரேரி, இரண்டு நேரம்

பொது மணிக்கூடு என்றதும் உயர்ந்த கோபுரமும் நாலு முகங்களும் கண்முன் வரும். நம் முன்னோரின் மணிக்கூட்டுக்கு முகமே இல்லை. அடியில் சிறு துளையிட்ட வட்டில் ஒன்று நீரில் மிதக்கும். அது நிறைந்து அமிழ்ந்தால் ஒரு நாழிகை, அதாவது இன்றைய 24 நிமிடம். அதைப் பார்த்துச் சொல்ல அரண்மனையில் நாழிகைக் கணக்கர் இருந்தார்.

1656 மே மாதம் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பறித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஒல்லாந்தின் ஹேக் நகரில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசலால் ஓடும் மணிக்கூட்டை உருவாக்கினார். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் வரை தவறிய பொறிகளின் பிழை சில விநாடிகளாகச் சுருங்கியது. செய்து விற்கும் உரிமம் சலமன் கொஸ்டர் என்பவருக்குக் கிடைத்தது. விரைவிலேயே ரொட்டர்டாமில் சீமோன் டவ் என்பவர் தன் பொறி வேறு என்று சொல்லிக் களத்தில் இறங்க, உரிமத் தகராறு மூண்டது.

கொழும்புக் கோட்டைப் பகுதியின் மணிக்கூடு பொறுமைக்குப் பேர்போனது. 1814இல், ஆளுநர் பிரவுன்றிக் காலத்தில், 1,200 பவுண் செலவில் ஏற்பாடான அது பணமுடையால் நாற்பது வருடத்துக்கு மேல் களஞ்சியத்தில் கிடந்தது. ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வரைந்த கோபுரம் 1857இல் எழுந்தபோதுதான் அதற்கு இடம் கிடைத்தது. பத்து வருடத்தில் அதன் உச்சியில் விளக்கேற்றி வெளிச்சவீடாகவும் ஆக்கினார்கள். சுற்றிலும் கட்டடங்கள் வளர்ந்து ஒளியை மறைக்க, 1952இல் விளக்கு ஓய்ந்தது. மணிக்கூடு இன்றும் இருக்கிறது.

காலியில் கதை வேறு. வைத்தியர் அந்தோனிஸைக் கௌரவிக்க ஊரார் பணம் திரட்டி 1883இல் கோட்டை மதிலருகே கோபுரம் கட்டினார்கள். மணிக்கூட்டை அன்பளிப்பாகத் தந்தவர் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு முதலியார்.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1882இல், யாழ்ப்பாணத்துக் கோபுரம் எழுந்துவிட்டது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அல்பேட் எட்வேட் இலங்கைக்கு வந்ததன் நினைவு அது. வரைந்தவர் கொழும்பு அருங்காட்சியகத்தை வடிவமைத்த ஸ்மிதர். போரில் சிதைந்த அதை மீட்க, 2000ஆம் ஆண்டளவில் உதவ முன்வந்தவர் அப்போதைய வேல்ஸ் இளவரசர் சார்ல்ஸ், அதாவது எட்வேட்டின் பேரனுடைய பேரன்.

இந்தக் கதையில் என்னை மிகவும் உலுக்குவது கோபுரம் அல்ல, அது காட்டிய நேரம். மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதம் அரசு நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்தள்ளி, ஒக்டோபரில் அதில் பாதியைத் திரும்ப எடுத்தது. மிஞ்சிய அரை மணியை விடுதலைப் புலிகள் ஏற்கவில்லை. அவர்கள் கையில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. யாழ்ப்பாணமோ இராணுவத்தின் கையில்; அங்கே அரசின் நேரம். யாழ்ப்பாணக் கரையிலுள்ள கேரதீவில் பத்து மணி என்றால் எதிரே வன்னிக் கரையிலுள்ள சங்குப்பிட்டியில் ஒன்பதரை. இடையில் இருந்தது கடல்நீரேரியின் சிறு பகுதிதான். உலகில் நேரக் கோடுகளை வரைந்தது சூரியனும் ரயிலும் தந்தியும். இங்கே போர் ஒரு கோட்டை வரைந்து, ஒரே மொழி பேசும் உறவுகளை வேறு வேறு மணிக்கு எழுப்பியது.

2006 சித்திரைப் புத்தாண்டோடு அரசு பழைய நேரத்துக்கே திரும்ப, இரு கரையும் மறுபடி ஒன்றாயின. 2011இல் சங்குப்பிட்டிப் பாலமும் திறந்தது. இப்போது யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரத்தைப் படமெடுக்க வரும் பயணிகள் பலர் அந்தப் பாலத்தால்தான் போகிறார்கள். இளவரசர்களின் பெயர்களைச் சொல்லும் வழிகாட்டிகள் அந்தப் பத்து வருட அரை மணியையும் அவர்களுக்குச் சொல்லவேண்டும்.